டிமீட்டரின் தோப்பு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றறிந்து நிம்மதியடைந்தேன். இங்கு அனைவரும் நலம். எரிசிக்தோன் கதையைப் பேத்திக்குச் சொல்லப் போவதாகவும், மரத்தை வெட்டக் கூடாது என்பதற்கு மேல் அதில் ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக உண்டு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞர் கலிமாக்கஸ், தானியத்தின் தெய்வமான டிமீட்டரைப் போற்றிய பாடலில் இக்கதையைச் சொல்கிறார். கிரேக்க நாட்டின் தெசாலிப் பகுதியில் அவளுக்கென வளர்த்த தோப்பு, அம்பு நுழையவும் இடமின்றி அடர்ந்திருந்தது. அரசன் திரியோபாஸின் மகன் எரிசிக்தோன் இருபது ஆட்களைக் கோடரிகளோடு அழைத்து வந்து, வானளாவ நின்ற பாப்லர் மரத்தில் முதல் வெட்டைப் போடச் செய்கிறான். அம்மரத்தின் ஓலம் மற்ற மரங்களுக்கும் கேட்கிறது.

டிமீட்டர் உடனே தண்டிக்கவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். தன் பூசாரிப் பெண்ணின் உருவில் வந்து, "மகனே" என்று மும்முறை அழைத்து, பெற்றோர் தவமிருந்து பெற்ற பிள்ளையல்லவா, நிறுத்திவிடு என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறாள். அவனோ கோடரியை அவள் மீதே ஓங்கி, நண்பர்களுக்கு நாள்தோறும் விருந்து வைக்கும் மண்டபத்துக்குக் கூரை போட இம்மரங்கள் வேண்டும் என்கிறான். அடுப்பெரிக்க விறகில்லாமல் வந்தவனல்ல அவன், வயிறு நிறைந்தவன். "மண்டபத்தைக் கட்டிக்கொள், இனி உனக்கு விருந்துகள் அடிக்கடி தேவைப்படும்" என்று டிமீட்டர் சொல்லி, தீராப் பசியை அவனுக்குள் ஏற்றிவிடுகிறாள். அவன் கேட்டதையே தண்டனையாகக் கொடுத்த இந்த இடத்தில், கவிஞரின் கூர்மையை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

அதன்பின் என் மனத்தை அறுப்பது அவனுடைய தாயின் நிலை. அவனுக்கு விருந்து அழைப்புகள் வரும்போதெல்லாம், பன்றி குத்தியதால் ஒன்பது நாளாகப் படுத்திருக்கிறான் என்றும், ஓத்ரிஸ் மலையில் ஆடுகளை எண்ணப் போயிருக்கிறான் என்றும் அவள் பொய் சொல்லி அனுப்புகிறாள். உள்ளேயோ அவன் கோவேறு கழுதைகளையும், பந்தயக் குதிரையையும், எலிகள் கண்டு நடுங்கிய பூனையையும் தின்று தீர்க்கிறான். மரத்தை வெட்டியவன் ஒருவன். வாசலில் நின்று கூசியவர்கள் வீட்டார் அனைவரும். காடழிப்பைப் பற்றிப் பேசும் நாம் இந்தப் பகுதியைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் வடிவத்தில் அவன் மகளை விற்று, இறுதியில் தன் உடலையே கடித்துத் தின்கிறான். அதைப் பேத்தியிடம் சொல்ல வேண்டாம். கலிமாக்கஸில் அரசனின் மகன் முச்சந்தியில் உட்கார்ந்து, பிறர் உண்டு எறிந்த மிச்சத்துக்குக் கையேந்துகிறான். அவள் வயதுக்கு அது போதும். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்பதை மறவாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்