ஓட்டுறவன் மேல பழி போடுறத நிறுத்துங்க: பிக்கப் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

பிக்கப் தயாரிக்கிற கம்பெனியோட இன்ஜினியர்களுக்கும் சர்வீஸ் பொறுப்புல இருக்கிறவங்களுக்கும் வணக்கம்.

உங்க டீசல் பிக்கப்ப வச்சிருக்கிற நாங்க கொஞ்ச பேர் உக்காந்து பேசினதுல ஒண்ணு தெரிஞ்சுது, யார் என்ன கம்ப்ளைன்ட் கொண்டு போனாலும் சர்வீஸ் சென்டர்ல சொல்ற பதில் ஒண்ணுதான். "நீங்க ஓட்டுற விதம் சரியில்ல சார்." செக் இன்ஜின் லைட் எரியுதுன்னு போனாலும் இதான், வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னு போனாலும் இதான், புகை நாத்தம் கேபினுக்குள்ள வருதுன்னு போன ஒருத்தர்கிட்டயும் இதையே சொல்லிருக்காங்க. அதுக்கும் ஓட்டுறதுக்கும் என்னங்க சம்பந்தம்?

என் கதைய சொல்றேன். வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல, லோடோட மேடு ஏறும்போது திடீர்னு பவர் செத்துப்போச்சு, ஆக்ஸிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும் உருண்டுக்கிட்டுதான் போகுது, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான். லிம்ப் மோடுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அதாவது ஏதோ கோளாறுன்னு இன்ஜின் தன்னைக் காப்பாத்திக்க பவர தானே குறைச்சுக்கிறது. சைலன்சர் லைன்ல இருக்கிற டிபிஎஃப்ங்கிற டீசல் புகை ஃபில்டர் கரி அடைச்சுக்கிச்சாம். அந்த ஃபில்டர் புகையில இருக்கிற கரிய பிடிச்சு வச்சுக்கும், அப்பப்ப சூட்ட 600 டிகிரி பக்கம் ஏத்தி அந்தக் கரிய தானே எரிச்சுக்கும், இதுக்குப் பேரு ரீஜெனரேஷன். இது முடிய வண்டி கொஞ்ச நேரம் நிக்காம நல்ல வேகத்துல ஓடணும். பாதியில ஆஃப் பண்ணிட்டா கரி அப்படியே தங்கிடும், அடுத்த தடவை இன்னும் சேரும்.

சின்னச் சின்ன ட்ரிப் அடிச்சா அடைக்கும்ங்கிறது உண்மைதான், அத நான் மறுக்கல. ஆனா பிக்கப் வாங்குறவன் அதுல ஹைவே டூரா போகப்போறான்? லோடு ஏத்துவான், நாலு கிலோமீட்டர் போவான், இன்ஜின ஓடவிட்டே இறக்குவான், மறுபடியும் கிளம்புவான். உங்க விளம்பரத்துலயும் மூட்டை ஏத்தித்தானே காட்டுறீங்க! வேலைக்குன்னு சொல்லி வித்துட்டு, வேலை செஞ்சா தப்புன்னா எப்படி?

அட, ரீஜென் நடக்குதுன்னாவது டிரைவருக்குத் தெரியுதா? அதுவும் இல்ல. வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகம் (ஐடிலிங்) கொஞ்சம் ஏறுது, ஃபேன் சத்தமா சுத்துது, ஒரு மாதிரி கருகுன வாடை வருது, இத வச்சு நாங்களே யூகிச்சுக்க வேண்டியிருக்கு. எங்க டிரைவர் வண்டி பத்திக்கிச்சோன்னு பயந்து ஆஃப் பண்ணிட்டு இறங்கி நின்னிருக்காரு, அவர எப்படிங்க குறை சொல்ல முடியும்.

இதவிட என்னைய பயமுறுத்துனது ஆயில். டிப்ஸ்டிக் எடுத்துப் பார்த்தா அளவு மேக்ஸ் கோட்டத் தாண்டி நிக்குது, மோந்தா டீசல் வாடை. சர்வீஸ் அட்வைசர்கிட்ட கேட்டா "குறையலையே சார், நல்லதுதானே"ங்கிறாரு! சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. ஃபில்டர் சூட்ட ஏத்துறதுக்காக ஈசியூ, அதாவது இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், சிலிண்டர்லயே கொஞ்சம் லேட்டா கூடுதல் டீசல் அடிக்குது, அதுல எரியாதது சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு ஆயில்ல கலக்குது, ரீஜென் பாதி பாதியில நின்னு திரும்பத் திரும்ப ஆரம்பிக்கும்போது கலப்பு இன்னும் கூடும். ஆயில் நீர்த்துப்போனா மொதல்ல அடி வாங்குறது பேரிங்கும் டர்போவும். ஆயில் மாத்துற கிலோமீட்டர சர்வீஸ் புக்குல ஒரே கணக்கா போட்டிருக்கீங்க, ஹைவேல ஓடுறவனுக்கும் எங்களுக்கும் அதே கணக்கு எப்படி சரியாகும்?

கூட இருக்கிற இன்னொருத்தர் வண்டியில காலைல ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக்னு சத்தம், சூடானதும் நின்னுடும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள சூடாயிடுதா, "சத்தமே இல்லையே சார்"னு திருப்பி அனுப்பிட்டாங்க, மூணு தடவை. கடைசியில பார்த்தா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட (இன்ஜின்ல இருந்து புகைய வெளிய கொண்டு போற குழாய்) பிடிச்சிருக்கிற ஸ்டட் போல்ட் ஒண்ணு முறிஞ்சு கேஸ்கெட் வழியா புகை கசியுது. சூட்டுல இரும்பு விரிஞ்சு சந்து அடைஞ்சுக்கிறதால சத்தம் நிக்குது, அவ்வளவுதான். ராத்திரி வண்டிய அங்கேயே விட்டுட்டு காலைல ஸ்டார்ட் பண்ணிக் கேட்டிருந்தா மொத தடவையே தெரிஞ்சிருக்கும். கேபினுக்குள்ள நாத்தம்னு போனவரும் இவர்தான். நாத்தமாவது தெரியுது, அதுகூட வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, கண்ணாடி ஏத்திவிட்டு ஓட்டுற ஆளுக்கு அது எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

வேற ஒருத்தருக்கு கூலன்ட் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, கீழ ஒரு சொட்டு ஒழுகல, சைலன்சர்ல வெள்ளைப் புகை. ஈஜிஆர் கூலர், அதாவது இன்ஜினுக்கே திருப்பி அனுப்புற புகைய கூலன்ட் வச்சு ஆத்துற பார்ட், உள்ளுக்குள்ள வெடிப்பு விட்டுப்போய் கூலன்ட் இன்ஜினுக்குள்ள போயிருக்கு. அவருக்கும் அதே பதில்தான், ஓட்டுற விதம்!

வெளி மெக்கானிக்குங்க சுலபமா ஒரு வழி சொல்றாங்க, ஃபில்டர அறுத்து உள்ள இருக்கிறத எடுத்துட்டு சாஃப்ட்வேர மாத்திடலாம், அப்புறம் ஒரு தொல்லையும் இல்லைன்னு. பல நாட்டுல அது சட்டப்படி குத்தம், அந்தக் கரி போறதும் நம்ம நெஞ்சுக்குள்ளதான், அதனால எங்கள்ல யாரும் பண்ணல. இன்னும் எத்தனை நாள் பண்ணாம இருப்போம்னு மட்டும் உறுதியா சொல்ல முடியல, ஏன்னா லிம்ப் மோடுல வண்டி நின்னா அன்னைக்கு வேலை போச்சு.

நாங்க கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. டிபிஎஃப்ல கரி எவ்வளவு சேர்ந்திருக்குன்னு ஈசியூ கணக்கு வச்சிருக்கு, உங்க ஸ்கேனர்ல தெரியுது, அத டேஷ்போர்டுல காட்டுங்க. ரீஜென் நடக்கும்போது ஒரு லைட் எரியட்டும். வண்டிய ஓரமா நிறுத்தி நாங்களே ரீஜென் போட்டுக்க ஒரு ஸ்விட்ச் குடுங்க, பெரிய லாரிங்கள்ல இருக்கிறதுதானே அது. சின்ன ட்ரிப் ஓட்டுறவங்களுக்கு ஆயில் மாத்த தனிக் கணக்கு போடுங்க. வாரண்டில மேனிஃபோல்டு ஸ்டட்டும் ஈஜிஆர் கூலரும் உண்டா இல்லையான்னு எழுத்துல சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் ஸ்கேனர்ல வந்த ஃபால்ட் கோட ஜாப் கார்டுல எழுதிக் குடுங்க, இப்ப அழிச்சுட்டு "ஓகே சார்"னு சாவியக் குடுத்துடுறாங்க, அடுத்த தடவை போனா எல்லாம் மொதல்ல இருந்து.

என் வண்டி இப்பவும் உங்க ஒர்க்‌ஷாப்புலதான் நிக்குது, இந்த ஃபால்ட் கோடு எழுதிக் குடுக்கிற வேலைய அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓனர், கூட இருக்கிறவங்க சார்பாவும்