ஹோபார்ட் கூட்டத்துக்கு போற நம்ம அதிகாரிங்களுக்கு பாலக்கோட்டுல இருந்து ஒரு மடல்

புவி அறிவியல் அமைச்சகத்துல இருக்கற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்ங்க. அண்டார்டிகா கடல் உயிருங்கள பாதுகாக்க ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட்ல கூடற கூட்டத்துக்கு நீங்க போறீங்க, அதுக்குத்தான் இந்த மடல்.

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துல ஒன்றரை ஏக்கர்ல மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்க்கறவன். எங்க மாவட்டத்துக்கு கடலே கிடையாது, பெரிய தண்ணின்னா ஒகேனக்கல்தான். அப்படி இருக்க அண்டார்டிகா கடலப்பத்தி ஏன் எழுதறேன்னா, காலேஜ்ல விலங்கியல் படிக்கற என் பொண்ணு கிரில்னு ஒரு உயிரப்பத்தி செமினாருக்கு தயார் பண்ணிட்டு இருந்தா, ராத்திரி புழுவுக்கு தழை போட்டுக்கிட்டே கேட்டேன், கேட்டதுல இருந்து மனசு சரியில்ல.

நம்ம சந்தையில விக்கற சென்னாக்குன்னிய கொஞ்சம் பெருசா, ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு நினைச்சுக்கோங்க, அதான் கிரில். பெங்குயின், சீல், நீலத்திமிங்கலம் எல்லாம் அத நம்பித்தான் இருக்குதுங்க. அதோட குஞ்சுங்க முதல் குளிர்காலத்துல பட்டினி தாங்காது, கடல் மேல மிதக்கற பனிக்கு அடிப்பக்கம் பாசி ஒட்டியிருக்கும், அத சுரண்டி தின்னுதான் பொழைக்கும். இத கேட்டதும் எனக்கு சாக்கி புழு, அதாவது பட்டுப்புழுவோட சின்ன குஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு. முட்டையில இருந்து வந்த புழுவுக்கு அன்னிக்கே கொழுந்து தழை வேணும், ரெண்டு நாள் தள்ளி ஒரு வண்டி தழை கொண்டு வந்து கொட்டினாலும் பிரயோஜனம் இல்ல. அந்த பனியோட அடிப்பக்கம்தாங்க கிரிலோட மல்பெரி தோட்டம். அந்த தோட்டம்தான் இப்ப உருகுது.

2023 பிப்ரவரியில அண்டார்டிகாவ சுத்தி இருந்த கடல்பனி சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கிடுச்சு, அளக்க ஆரம்பிச்சதுல இருந்து அவ்வளவு கம்மி ஆனதே இல்லையாம், வழக்கமா இருக்கறத விட 10 லட்சம் சதுர கிலோமீட்டர் கம்மி, அதாவது நம்ம தமிழ்நாடு மாதிரி ஏழெட்டு மாநிலம் அளவு பனி காணோம். அதுக்கு முந்தின 2022 கடைசியில அண்டார்டிகாவ ஒட்டின பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பக்கம் எம்பரர் பெங்குயின் கூட்டம் அஞ்சுல நாலுல குஞ்சே மிஞ்சல. குஞ்சுக்கு தண்ணி ஒட்டாத இறகு டிசம்பர், ஜனவரியிலதான் வரும், அதுக்குள்ள காலுக்கு கீழ இருந்த பனி உடைஞ்சு போச்சு. தோல் உரிக்கற நேரத்துல தட்டுல இருந்து புழுவ கீழ தள்ளிவிட்டா எப்படி இருக்கும், அப்படி. சித்திரை வெயில்ல புழு மனைக்கு கோணிய நனைச்சு தொங்கவிடறவன் நான், சூடு ஏறினா ஒரு உயிர் எப்படி துவளும்னு கையால தொட்டு பாத்தவன், அந்த குஞ்சுங்க கதை கேட்டு அன்னிக்கு சோறு இறங்கல.

சூடு ஒரு பக்கம்னா பிடிக்கறது இன்னொரு பக்கம். மெடிக்கல்ல ஒமேகா மாத்திரையா வருதே, பண்ணை மீனுக்கு தீவனமா போகுதே, அதுக்கெல்லாம் கிரில பிடிக்கறாங்க. தென் அட்லாண்டிக் பக்கம் வருஷத்துக்கு 6 லட்சத்து 20 ஆயிரம் டன்னுதான் எல்லை. அத ஒரே இடத்துல அள்ளக்கூடாது, பகுதி பகுதியா பிரிச்சு பிடிக்கணும்னு 2009ல ஒரு விதி போட்டாங்க, 2024 கடைசியில அது காலாவதி ஆச்சு, புதுசா போட நாடுங்களுக்குள்ள ஒத்துப்போகல. அடுத்த வருஷமே, 2025 ஆகஸ்ட்லயே, முழு எல்லையும் பிடிச்சு முடிச்சு சீசன மூட வேண்டியதா போச்சு. பெங்குயின் குஞ்சுக்கு இரை தேடற இடத்துலயே கப்பல் போய் நிக்குது, அது எங்க போகும் சொல்லுங்க?

இந்த முடிவெல்லாம் எடுக்கறது வருஷா வருஷம் அக்டோபர் வாக்குல ஆஸ்திரேலியாவுல ஹோபார்ட்ல கூடற அண்டார்டிக் கடல் உயிரின பாதுகாப்பு ஆணையம். அங்க நமக்கும் ஒரு நாற்காலி இருக்குது. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் எதுவும் நிறைவேறும், ஒருத்தர் வேணாம்னாலும் நின்னுடும். கிழக்கு அண்டார்டிகா, வெட்டெல் கடல் ரெண்டையும் பாதுகாப்பு பகுதியா அறிவிக்கணும்னு 2021ல நம்ம நாடும் சேர்ந்து நின்னுச்சு, அது எனக்கு ரொம்ப பெருமைங்க. ஆனா ரஷ்யாவும் சீனாவும் ஒத்துக்காம இன்னும் அப்படியே கிடக்குது. அண்டார்டிகாவோட ராஸ் கடல பாதுகாப்பு பகுதி ஆக்கறதுக்கும் பல வருஷம் இப்படித்தான் இழுத்துச்சு, கடைசியில 2016ல ஒத்துக்கிட்டாங்களே. அந்த ரெண்டு நாட்டோடயும் உக்காந்து பேசற உறவு நமக்கு இருக்குது, அதனாலதான் உங்கள கேக்கறேன், சேர்ந்து கையெழுத்து போட்டதோட விட்டுடாதீங்க, கூட்டத்துக்கு முன்னாடியே தனியா பேசுங்க. பகுதி பிரிச்சு பிடிக்கற விதிய திரும்ப கொண்டு வாங்க, பாசி எங்க இருக்கு பெங்குயின் எங்க மேயுதுன்னு பாத்து இன்னும் கண்டிப்பா கொண்டு வாங்க.

இன்னொன்னுங்க. கூட்டம் முடிஞ்சு வந்ததும் நம்ம நாடு அங்க என்ன பேசுச்சு, எதுக்கு சரின்னு சொல்லுச்சுன்னு தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க. எங்க ஊரு சாக்கி சென்டர் செவுத்துல நானே ஒட்டறேன், புழு வாங்க வர்ற நூறு பேரும் நின்னு படிப்பாங்க.

இப்படிக்கு,
பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு பட்டு விவசாயி