கதகேஸுக்கு வண்டி பிடித்த கதை

திருச்சி,
ஜூன் 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்கு என் வலது தோள்தான் காரணம். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து மக்கர் செய்கிறது. அது எப்படி வந்தது என்பதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது, பொறு.

உன் வீட்டுக்காரருக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பற்றி ரொம்ப நிம்மதி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் ஸ்பெயின் கடலோரத்துக் கதகேஸுக்கு எப்படிப் போவது என்ற உன் கேள்விக்குப் பதில் எழுதலாம் என்று தைரியம் வந்தது. நீ கேட்ட ஊரில் மேடும் படியும் கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் பெயர். ஸ்பெல்லிங்கைப் பார்த்துவிட்டு நாங்களும் ‘கடாக்வெஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டு போனோம். அங்கே ‘கதகேஸ்’ என்கிறார்கள். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் வெள்ளை வீடுகள். ரயில் கிடையாது. ரயிலில் போனால் ஃபிகேரஸில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்து மலையைத் தாண்ட வேண்டும். அதிலும் வேக ரயில் நிற்கும் ஸ்டேஷன் வேறு, பழைய ஸ்டேஷன் வேறு. பார்சிலோனா வடக்கு பஸ் நிலையத்திலிருந்து நேர் பஸ் இருக்கிறது. ஆனால் நாளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். பதினைந்து மணி நேரம் விமானத்திலும் தோஹாவிலுமாகக் கழித்துவிட்டு, விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் போய் அந்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்க எங்களால் முடியாது என்று என் மகளே முடிவு செய்து, முன்கூட்டியே தனி வண்டி பேசிவிட்டாள். போக 280 யூரோ. நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல். பஸ்ஸில் போயிருந்தால் ஐந்து பேருக்கும் சேர்த்துப் பாதிதான் ஆகியிருக்கும். இவர் அதை மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டு, தோஹாவிலிருந்து பார்சிலோனா வரைக்கும் வாயே திறக்கவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். பார்சிலோனா விமான நிலையத்தில் இரண்டு டெர்மினல். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடந்து போக முடியாது; சில கிலோமீட்டர் இருக்கும். இடையில் இலவச பஸ் ஓடுகிறது. நாங்கள் இறங்கியது முதல் டெர்மினல். மகளும் மாப்பிள்ளையும் பேரனும் பெர்லினிலிருந்து மலிவு டிக்கெட்டில் வந்து இறங்கியது இரண்டாவது டெர்மினல். இரண்டு விமானத்தின் எண்ணையும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். வண்டிக்காரர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டார்கள். அதுவும் பெர்லின் விமானத்தை.

நாங்கள் பாஸ்போர்ட் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று, பெட்டியெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பெயர்ப்பலகை பிடித்தபடி இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். ஒவ்வொரு பலகையாக இவர் படித்துக்கொண்டே போகிறார், நானும் பின்னால் போகிறேன். அத்தனை பெயரில் எங்கள் பெயர் இல்லை. அந்த நேரத்தில் வயிற்றில் ஒன்று கலங்கும் பார், இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் தப்பான கல்யாணத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. மகளோ அங்கே டிரைவரைப் பார்த்துவிட்டாள். ஆனால் அவர், “எனக்கு மூன்று பேர் என்றுதான் சொன்னார்கள்” என்கிறாராம். கடைசியில் பச்சை நிற பஸ்ஸில் நாங்கள்தான் பெட்டியோடு அந்த டெர்மினலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இரண்டாவது கூத்து. பேரனுக்கு வயது நாலு. அந்த நாட்டில் 135 சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம். நகரத்துக்குள் ஓடும் டாக்ஸிக்கு விலக்கு உண்டு, நெடுஞ்சாலையில் கிடையாது. இருக்கை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தோம். வண்டியைத் திறந்து பார்த்தால் இல்லை. டிரைவர் சின்னப் பையன், பாவம், யார் யாருக்கோ போன் செய்து இன்னொரு டிரைவரிடமிருந்து ஒன்று வரவழைத்தான். அதற்கு நாற்பது நிமிடம். அந்தக் கம்பெனிக்கு மகள் பிறகு நீளமாக ஒரு மெயில் போட்டாள். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை அருமை. முன்பெல்லாம் அந்தச் சாலையில் சுங்கம் கட்ட வேண்டுமாம். 2021 செப்டம்பரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று பையன் சொன்னான். ஜிரோனா தாண்டி, ஃபிகேரஸ் வரைக்கும் பேரன் தூங்கினான், நாங்களும் தூங்கினோம். விமான நிலையத்திலிருந்து மொத்தம் 180 கிலோமீட்டர் இருக்கும். அதில் 165 கிலோமீட்டர் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மிச்சம் பதினைந்துதான் விஷயமே.

ரோசஸ் பக்கம் வந்ததும் சாலை இடது பக்கம் பிரிந்து மலையேறுகிறது. கொடைக்கானல் மாதிரி உயரமில்லை. ஆனால் வளைவுக்கு மேல் வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மரமே கிடையாது. மலைச்சரிவு முழுக்கக் கல் மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள், சாந்தே வைக்காமல், படிப்படியாக. அத்தனையும் ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டமாம். 1880களில் ஏதோ பூச்சி வேரை அரித்து மொத்தக் கொடியும் போய்விட்டது. அப்புறம் ஆலிவ் வைத்தார்கள். 1956 பிப்ரவரி உறைபனியில் அதுவும் பட்டுப்போனது. சுவர்கள் மட்டும் நிற்கின்றன. மலை உச்சியில் ராணுவ ரேடார், வெள்ளைப் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் ரசித்தது திரும்பி வரும்போது. போகும்போது மூன்றாவது வளைவிலேயே பேரன் முகம் வெளுத்துவிட்டது. என் கைப்பையில் உப்பு நாரத்தங்காய் இருந்தது. ஒரு துண்டு கிள்ளி அவன் வாயில் வைத்தேன். மாப்பிள்ளைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. டிரைவர் பையன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். சரி என்று அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். முகத்தை எட்டுக் கோணலாக்கினான், ஆனால் துப்பவில்லை. ஊர் போய்ச் சேரும் வரைக்கும் கன்னத்தில் ஒதுக்கியே வைத்திருந்தான்.

பார்சிலோனாக்காரன். கதகேஸுக்கு அவனும் முதல் தடவையாக வருகிறானாம்! போனில் வழி பார்த்துக்கொண்டே வண்டியை ஊருக்குள் விட்டுவிட்டான். அந்த ஊர்த் தெருக்கள் காருக்காகப் போட்டவை அல்ல, கழுதைக்காகப் போட்டவை. எட்டுப் பேர் உட்காரும் வேன் ஒரு முக்கில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கி, ஜன்னலில் எட்டிப் பார்த்த பாட்டி ஒருத்தி கையை ஆட்டி ஆட்டி வழிகாட்ட, தெரு முழுக்கப் பின்னாலேயே எடுத்தான். கடைசியில் ஊர் நுழைவிலுள்ள கார் நிறுத்தத்தில் எங்களை இறக்கிவிட்டு, “இதற்கு மேல் முடியாது” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தெருவில் என்ன கல் தெரியுமா? கறுப்புப் பலகைக்கல். படுக்கவைத்திருந்தால் பரவாயில்லை, செங்குத்தாக நட்டு, விளிம்பு மேலே தெரிகிற மாதிரி பதித்திருக்கிறார்கள். மழையில் வழுக்காமலிருக்கவாம். நடக்கிற காலுக்கு நல்லது, பெட்டியின் சக்கரத்துக்கு எமன். பத்தாவது வீடு தாண்டுவதற்குள் என் பெட்டியில் ஒரு சக்கரம் கழன்று உருண்டு போயிற்று. மிச்ச தூரம் தூக்கிக்கொண்டுதான் ஏறினேன். தோள் கதை இதுதான்.

அங்கே தங்கிய ஐந்து நாளும் அடி வாங்கிய மாதிரி இருந்தாலும், ஊர் என்னவோ உன்னைத்தான் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தது. பயிற்சிப் பள்ளி விடுதியில் உன் கட்டிலுக்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தாயே, ஏதோ பத்திரிகையில் கிழித்தது, கடிகாரமெல்லாம் தோசை மாதிரி மடிந்து தொங்கும். வார்டன் அம்மா அதைப் பார்த்து, “இது என்னடி கெட்ட சகுனம்” என்றார்களே! அதை வரைந்த ஓவியர் டாலி இருந்த வீடு பக்கத்திலேயே, போர்ட்லிகாட் என்ற சின்னத் துறையில். 1930இல் ஒரு மீனவக் குடிசையை வாங்கி, பக்கத்துப் பக்கத்துக் குடிசைகளையும் சேர்த்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். படுக்கையில் படுத்தபடியே சூரிய உதயம் தெரிய ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார், பார். சோம்பேறித்தனத்திலும் ஒரு கலை. நீ போவதாயிருந்தால் இங்கிருந்தே டிக்கெட் எடுத்துவிடு. சில பேராகத்தான் உள்ளே விடுகிறார்கள், போய் நின்று வாங்கலாம் என்றால் கிடைக்காது.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள் ஒரு டாக்ஸிக்காரரைச் சொன்னாள். அறுபது வயது இருக்கும், உள்ளூர்க்காரர். காப் த கிரேயுஸ் கலங்கரை விளக்கத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரிய நிலப்பரப்பின் கிழக்குக் கோடி அது. வழியெல்லாம் பாறை. ஒன்று ஒட்டகம், ஒன்று கழுகு, ஒன்றுக்கு மூக்கும் நெற்றியும். கடற்காற்று குடைந்து குடைந்து செய்தது. அந்தப் பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, கடலுக்குள் இறங்கும் பாறையைக் காட்டி, “கடிகாரம், கடிகாரம்” என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் விளங்கியது. உன் படத்தில் வலது மேல் மூலையில் மஞ்சள் வெயிலில் ஒரு பாறைக்கரை இருக்குமே, அது இந்தக் கரைதான், மல்லிகா. கடிகாரத்தைத்தான் அவர் கற்பனை செய்திருக்கிறார். பாறையை அப்படியே பார்த்து வரைந்திருக்கிறார். அந்த ஓவியம் வெறும் 24க்கு 33 சென்டிமீட்டர்தானாம், பேரன் வீட்டுப்பாட நோட்டை விரித்து வைத்த அளவு. உன் சுவரில் இருந்தது அசலைவிடப் பெரிதோ என்னவோ.

திரும்பி வர அந்தப் பெரியவரையே பேசிவிட்டோம். 260 யூரோ. முந்தின நாள் மாலை வீட்டுக்கு வந்து பெட்டிகளை எண்ணிப் பார்த்தார். ஒன்றைக் கூரை மேல் கட்டலாமா என்று மாப்பிள்ளை கேட்டதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு, வானத்தைக் காட்டி, “திராமுந்தானா” என்றார். வடக்கிலிருந்து வரும் காற்று. ராத்திரியெல்லாம் ஜன்னல் கதவைப் பிய்த்துவிடுவது போல அடித்தது. அந்தப் பக்கத்தில் யாராவது ஏறுக்குமாறாக நடந்துகொண்டால், அவனுக்குத் திராமுந்தானா பிடித்துவிட்டது என்பார்களாம். விடியற்காலை ஆறு மணிக்கு, கடலோரப் பாதை காலியாக இருக்கும்போது, வண்டியை எங்கள் வாசலுக்கு நாற்பது அடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பெட்டியை யாரும் இழுக்கவே இல்லை. மலையில் எந்த வளைவில் காற்று பக்கவாட்டில் மோதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். நான் நாரத்தங்காயை வெளியே எடுக்கவே இல்லை.

அதனால் நீ அங்கிருந்தே கம்பெனி வண்டி தேடாதே. வீடு பேசும்போதே, ஊர்க்காரர் யாராவது பார்சிலோனா வந்து ஏற்றிக்கொள்வாரா என்று கேள். வண்டியை எவ்வளவு தூரம் உள்ளே கொண்டுவருவார், அங்கிருந்து வாசல் வரைக்கும் எத்தனை படி என்பதையும் கேட்டுவிடு. உங்கள் வீட்டுக்காரர் காலுக்கு அதுதான் முக்கியம். டெர்மினல் எண்ணையும் விமான எண்ணையும் எழுத்தில் கொடு. விமானம் தாமதமானால் எவ்வளவு நேரம் காசு வாங்காமல் காத்திருப்பார்கள் என்று முதலிலேயே தெரிந்துகொள். ஜிரோனாவில் இறங்க விமானம் கிடைத்தால் தூரம் ஏறக்குறைய பாதிதான். ஆனால் இங்கிருந்து வருகிறவர்களுக்கு அது ஒத்துவராது. பெரியவரின் நம்பர் என் டைரியில் இருக்கிறது, போனில் சொல்கிறேன். ‘நன்றி’ என்பதற்கு அந்தப் பக்கத்தில் ‘மெர்சி’ என்றே சொல்கிறார்கள். நான் சொன்னதும் மனிதர் அப்படிச் சிரித்தார்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகம் வந்த வேகத்திலேயே திரும்பிப் போகிறது. கொல்லையில் மாமரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டிவிட்டது, ஊறுகாய் போட்டு உனக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆமாம், அந்தக் கடிகாரப் படம் உன்னிடம் இன்னும் இருக்கிறதா? டிரங்குப் பெட்டி அடியில் தேடிப் பார். கிடைத்தால் போகும்போது எடுத்துக்கொண்டு போ. பெரியவரிடம் காட்டினால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவரே வண்டியை நிறுத்திக் காட்டுவார்.

அன்புடன்,
உன் சரசு