மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெற்றியில் மின்சாரம் பாய்ச்சும் பட்டை மாட்டி மூளைத்திறனைக் கூட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை நான் மட்டும் படித்திருந்தால் பரவாயில்லை, நீட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அக்கா மகனும் படித்துவிட்டான். பட்டை வாங்கக் காசில்லை. மல்டிமீட்டருக்குப் போடுகிற 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வயர், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு துண்டு, எல்லாவற்றையும் ரிப்பனால் நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டால் "வெறும் ரெண்டு மில்லி ஆம்பியர்தான் சித்தி" என்கிறான். யார் அளந்தது? ஆய்வகத்தில் 1 அல்லது 2 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் கருவி பார்த்துக்கொள்ளும், தோலின் மின்தடை ஏறினாலும் இறங்கினாலும். வெறும் பேட்டரிக்கு அதெல்லாம் தெரியாது. ஸ்பாஞ்சில் ஒரு ஓரம் காய்ந்தால் ஈரமான மிச்ச இடத்தில் மின்னோட்டம் குவிந்துவிடும். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நெற்றி சிவந்துபோயிருந்தது. முப்பது வருஷம் ஓம் விதி நடத்தியவள் வீட்டில்!

கட்டுரை விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் ரோய் கோஹன் கடோஷும் தெரேசா யூகுலானோவும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், எண்களுக்குப் பதிலாகப் புதுக் குறிகளைக் கொடுத்து ஆறு நாள் பயிற்சி தந்தார்கள். மூளையின் பின்பக்கம் மின்சாரம் பாய்ச்சியவர்கள் குறிகளைச் சீக்கிரம் கற்றார்கள், ஆனால் கற்றது யோசிக்காமல் தானாக வருவது அவர்களுக்குக் குறைந்தது. முன்பக்கம் பாய்ச்சியவர்களுக்கு அப்படியே தலைகீழ். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்கிற வியாபாரம். தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு எது போனாலும் நஷ்டம்தானே? 2016இல் இந்தத் துறை ஆய்வாளர்களே, வீட்டில் செய்துபார்க்கிறவர்களை எச்சரித்துத் திறந்த மடல் எழுதினார்கள். மனச்சோர்வுக்கு மருத்துவமனையில் காந்தத் தூண்டல் கொடுக்கிறார்கள், அது வேறு கதை, பக்கத்தில் டாக்டர் இருக்கிறார்.

அப்புறம், எங்கள் இடலாக்குடிக்காரர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு காரியங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் காட்டியபோது எந்தப் பேட்டரி இருந்தது? முதுகில் விழுகிற கல்லை எண்ணிக்கொண்டே, கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் சொல்ல வேண்டும். 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடிக்கச் சொல்லி மடக்கப் பார்த்தார்களாம் (துருக்கன் என்றால் முஸ்லிம், பாவலரும் முஸ்லிம்), அவர் முன்னால் ஒரு 'சத்' சேர்த்து ராமனின் தம்பி சத்துருக்கனன் ஆக்கிவிட்டார் என்று இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து பையன் கரிம வேதியியலை வாய்விட்டுச் சொல்ல, நான் பின்னாலிருந்து புளியங்கொட்டை எறிகிறேன். முதல் நாள் ஏழிலேயே எண்ணிக்கை தவறியது. நேற்று பதினெட்டு எறிந்தேன், பதினாறு என்றான். இதனால் நீட்டில் மார்க் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை, நெற்றி மட்டும் ஆறிவிட்டது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
நாகர்கோவில்