ஒன்பதாம் வகுப்பின் எரிசக்திக் கணக்கு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த இரண்டு வாரம் அறிவியல் செயல்திட்டமாக வீட்டு எரிசக்திக் கணக்கு எடுக்கப் போகிறார்கள். மீட்டர் ரீடிங், கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதி, வண்டிக்குப் போடும் பெட்ரோல் எல்லாம் கேட்பார்கள். எதற்கு என்று தெரிந்தால் உங்களுக்கும் உதவுவது எளிது.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, அதாவது தீராமல் மறுபடி கிடைப்பது, என்றால் மாசில்லாதது, மற்றது மாசுள்ளது என்று பிள்ளைகள் விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. தீர்ந்துபோகுமா என்பது ஒரு கேள்வி. பயன்படுத்தும்போது எது கெடுகிறது என்பது வேறு கேள்வி. விறகு மறுபடி வளரும், ஆனால் ஜன்னல் இல்லாத அடுப்படியில் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். கூடங்குளத்தில் பயன்படும் யுரேனியம் மறுபடி விளையாது, ஆனால் உலை ஓடும்போது கரியமில வாயு வராது; அங்கே கதிரியக்கக் கழிவுதான் தலைவலி.

இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க மேட்டூர் போதும். அங்குள்ள 1,440 மெகாவாட் அனல் மின் நிலையத்துக்கு ஒடிசா நிலக்கரி கப்பலிலும் ரயிலிலும் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். இரண்டு மாதத்தில் 200 யூனிட் செலவாகும் வீட்டுக்கு முழுக்க நிலக்கரி மின்சாரமே வருகிறது என்று வைத்துக்கொண்டால் 140 கிலோ நிலக்கரி, ஏறக்குறைய 50 கிலோ சாம்பல், 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல்தான். அதில் ஒரு பகுதி சிமென்ட்டுக்கும் சாம்பல் கல்லுக்கும் போகிறது. மற்றது நிலையத்தின் சாம்பல் குளத்தில் தேங்கி, காய்ந்தால் காற்றில் பறக்கும்.

அணை மின்சாரத்தில் இந்தப் புகையும் சாம்பலும் இல்லை. ஆனால் மேட்டூரில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும்போதுதான் மின்சாரமும் கணிசமாக வரும். வழக்கமான பாசனக் காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் தள்ளிப்போகும். 1934-இல் அணை கட்டி முடிந்தபோது ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தெரிவது அதனால்தான். இதையும் பிள்ளைகள் கணக்கில் எழுத வேண்டும்.

சூரிய மின்சாரத்தில்தான் தவறான எண்ணங்கள் அதிகம். ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத 100 சதுர அடி மொட்டைமாடி வேண்டும். தெற்கு பார்த்து 12 டிகிரி சாய்த்து வைத்தால் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். வெயில் கொளுத்தினால் கூடுதலாக வரும் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. பேனலின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். சேலத்துச் சித்திரை மதியத்தில் பேனல் 60 டிகிரியைத் தொடும். ஏழில் ஒரு பங்கு போயிற்று. ஏற்காட்டில் குளிர்ச்சி உண்டு, ஆனால் மூடுபனி வெளிச்சத்தை மறைத்துவிடும். இன்னொன்று: பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்பு, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். பேனல் மின்சாரம் லைனில் பாய்ந்துவிடக் கூடாது என்று, கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காகத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள், பழுது அல்ல.

இவற்றைப் பள்ளியில் 20 வாட் பேனலும் மல்டிமீட்டரும் வைத்துச் சோதிப்போம். பேனலின் பின்புறம் ஈரத்துணி ஒற்றினால் வோல்ட் ஏறுவதைக் காணலாம். நிழல் சோதனையில்தான் சறுக்குவார்கள். பல்பு எதையும் இணைக்காமல் வோல்ட் மட்டும் பார்த்தால், ஒரு வரிசை செல்லை அட்டையால் மறைத்தாலும் பெரிதாகக் குறையாது. நிழலால் பாதிப்பில்லை என்று எழுதிவிடுவார்கள். 12 வோல்ட் பல்பை இணைத்து ஆம்பியர் பார்த்தால்தான் உண்மை தெரியும். முடிந்ததும் மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து மாற்ற வேண்டும். மறந்து பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகும்.

வீட்டில் செய்ய வேண்டியது: ஏழு நாள், இரவு 7 மணிக்கு மீட்டரைப் பிள்ளை பார்த்து எழுதட்டும். டிஜிட்டல் மீட்டரில் வோல்ட், ஆம்பியர் என்று எண்கள் மாறி மாறி வரும். யூனிட் எண் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கவோ மொட்டைமாடிப் பேனலைத் தொடவோ விட வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. சாண எரிவாயுக் கலன் உள்ளவர்கள் தினமும் போடும் சாணத்தின் எடையைத் தாருங்கள். ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்யும் பெற்றோர், அங்கே கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்களா என்று சொன்னால் நல்லது. திறந்த குட்டையில் விட்டால் அதே எரிவாயுவிலுள்ள மீத்தேன் காற்றில் கலந்து, கரியமில வாயுவை விடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

பல குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் உள்ள வாடகை வீடு என்றால், எத்தனை குடும்பம் என்று மட்டும் குறித்தால் போதும். பில் தொகையை எழுத வேண்டாம், யூனிட் மட்டும். தாளை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சேலம்