சங்கத் தீர்மானம் சட்டம் ஆகுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்குமாடியில் நாய் வளர்க்கும் ஒரு குடும்பத்தை, நாயை விடு அல்லது வீட்டைக் காலி செய் என்று சங்கம் நெருக்குகிறது, இத்தனைக்கும் அது அவர்களின் சொந்த வீடு. பெரும்பான்மை கைதூக்கினால் போதுமாம். உறுப்பினர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் செல்லப்பிராணிகளைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாக்கிவிட்டது. சங்கம் பராமரிப்புக் கட்டணம் கேட்பதும் நியாயம்தான், கட்டாதவர்மேல் வழக்குப் போடட்டும். அதற்காகக் குடிநீரை நிறுத்துவது அக்கிரமம். 2022 தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தையே இடித்துக் கட்டலாம் என்று வந்தபிறகு, தனி உரிமையாளரின் நிலை இன்னும் பலவீனம். சங்கங்கள் தங்கள் துணைவிதிகளை (உள்விதிகளை) பதிவு செய்யும்போதே பதிவுத்துறை இப்படிப்பட்ட விதிகளை நிராகரிக்க வேண்டும்.

ஒரு வாசகர், சென்னை