டெம்பிள் ரன்னுக்கு நூறு பேர் தேவைப்படவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மொபைல் கேம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், பெரிய கம்பெனியும் கோடிகளும் இருந்தால்தான் இந்தத் தொழிலில் காலடி வைக்கலாம் என்பதுபோல எழுதியிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. 2011 ஆகஸ்டில் ஐபோனுக்கு வந்த டெம்பிள் ரன் என்ற ஓட்ட விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கீத் ஷெப்பர்டு, நடாலியா லக்யனோவா என்ற கணவன் மனைவி, அவர்களோடு கிரில் சாங்கோவ் என்ற ஓவியர், முக்கியமான ஆட்கள் அவ்வளவுதான். அதற்கு முன் அவர்கள் செய்த மேக்ஸ் அட்வென்ச்சரில் ஒரு கட்டைவிரலால் நடக்க வேண்டும், இன்னொன்றால் சுட வேண்டும். எல்லோருக்கும் அது கைவரவில்லை. அதனால் அடுத்ததில் ஆள் பாட்டுக்கு ஓடட்டும், விரலை இழுத்தால் திரும்பட்டும், தாவட்டும், சறுக்கட்டும், போனைச் சாய்த்தால் ஓரத்தில் கிடக்கும் காசைப் பொறுக்கட்டும் என்று எளிமையாக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் மொத்த சாமர்த்தியமும் அங்கேதான் இருக்கிறது, ஓடுகிற ஆளைத் துரத்தும் குரங்குகள் எல்லாம் அப்புறம்தான். பாதைகூட முழுசாக வரைந்து வைத்ததில்லை, ஓட ஓட துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டே போகும். முதலில் 99 சென்ட் விலை வைத்தார்கள், இலவசமாக்கிய பிறகுதான் கூட்டம் அள்ளியது. ஆண்ட்ராய்டுக்கு 2012 மார்ச்சில் வந்தது.

அடுத்த கட்டுரையில் இப்படிப்பட்ட சின்னக் குழுக்களையும் பற்றி நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி